முழுச் சதையை அரைத்ததுதான் சிக்கல்

வணக்கம். சிப்பியில் ஈ.கோலை (மலக் கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) அளவு வரம்புக்குள் இருக்கிறது, வாந்தி-வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸுக்கான பி.சி.ஆர். (மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும்) சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சாப்பிட்டவர்கள் வாந்தியால் அவதிப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஈ.கோலையை இங்கே நம்பவே நம்பாதீர்கள். சிப்பியைச் சுத்தமான நீரில் இரண்டு நாள் வைத்தால் ஈ.கோலை பெரும்பாலும் வெளியேறிவிடும். நோரோ வைரஸோ குடல் திசுவில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் தங்கும்.

முழுச் சதையையும் அரைத்ததாகச் சொல்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். வைரஸ் பெரும்பாலும் செரிமானச் சுரப்பியில்தான் சேர்கிறது. ஓட்டைத் திறந்ததும் வெளிர்ச் சதைக்கு நடுவே கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ தெரிகிறதே, அதை மட்டும் வெட்டியெடுங்கள். உணவில் நோரோ வைரஸைக் கண்டறிவதற்கான சர்வதேசத் தர முறையான ஐ.எஸ்.ஓ. 15216-இன்படி, பல சிப்பிகளிலிருந்து சேர்த்த 2 கிராம் போதும். பொடியாக நறுக்கி, புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே சேர்த்து 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் குலுக்குங்கள். பிறகு 60 டிகிரியில் 15 நிமிடம்.

அந்த நொதியை ஊற்றுவதற்கு முன்பே மெங்கோ வைரஸை (சோதனை சரியாக நடந்ததா என்று பார்க்க நாமே சேர்க்கும் வைரஸ்) தெரிந்த அளவில் கலந்துவிடுங்கள். அதில் 1 சதவீதமாவது திரும்பக் கிடைக்கவில்லை என்றால் உங்கள் 'இல்லை' என்ற முடிவுக்கு மதிப்பில்லை. சிப்பியின் கிளைக்கோஜன் போன்ற பொருள்கள் பி.சி.ஆரைத் தடுக்கும். எனவே பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வில் (வைரஸின் மரபணுப் பொருள்) ஒரு பகுதியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, நீர்க்காததையும் நீர்த்ததையும் அருகருகே பி.சி.ஆரில் சோதியுங்கள். நீர்த்ததில் மட்டும் சமிக்ஞை வந்தால் தடுப்புதான் காரணம்.

நோயுற்றவர்களின் மல மாதிரியையும் சோதிக்கச் சொல்லுங்கள். மீதமுள்ள சிப்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.