நாலு மா நிலத்தை இப்போது விற்காதீர்கள்

மன்னார்குடி அண்ணனுக்கு,

பிளஸ் ஒன் படிக்கும் மகன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு முழுநேரமும் டென்னிஸ் ஆடப் போகிறேன் என்கிறான், அந்தச் செலவுக்கு நாலு மா நிலத்தை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆட்டத்தைப் பார்த்தேன். பேக்ஹேண்ட் அழகாக இருக்கிறது. இனி காசுக் கணக்கைப் பேசுவோம்.

தொழில்முறை டென்னிஸில் கீழ்ப்படி, எம்-15 என்ற ஆண்கள் போட்டிகள். மொத்தப் பரிசு 15,000 டாலர் என்றதும் கண் விரியும். அது ஒற்றையர், இரட்டையர் எல்லாருக்கும் சேர்த்து. ஒற்றையரில் கோப்பை வென்றவனுக்கே 2,000 டாலர் சுமாருக்குத்தான். மெயின் டிரா என்கிற பிரதான கட்டத்தின் முதல் சுற்றில் தோற்றவனுக்கு ஏறக்குறைய 150 டாலர், தரவரிசைக்கான பாயின்ட் கிடையாது. வண்டிக்கூலி, லாட்ஜ், சாப்பாடு, அறுந்துபோகும் ராக்கெட் ஸ்டிரிங் எல்லாம் அப்பா தலையில். வாரம் ஒரு அறுவடை அண்ணே, முக்கால்வாசி வாரம் பதர்.

சுமித் நாகல் 2023-ல் இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரர். அப்போதே வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். மறு வருஷம் ஆஸ்திரேலிய ஓப்பனில் கஜகஸ்தான் வீரர் அலெக்சாண்டர் பப்ளிக்கை வென்றார், சேலஞ்சர் என்கிற நடுப்படிப் போட்டியைச் சென்னையில் ஜெயித்து உலகத் தரவரிசையில் முதல் 100-க்குள் போனார். பயிற்சி மையங்களில் இந்தப் பின்பாதியை மட்டும் சொல்வார்கள். 2024-ல் ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏ.டி.பி. அமைப்பு கொண்டுவந்த குறைந்தபட்ச வருமான உத்தரவாதமும் தரவரிசையில் முதல் 250 பேருக்குத்தான்.

அதனால் பிளஸ் டூவை நல்ல மார்க்கோடு முடிக்கட்டும். அமெரிக்கக் கல்லூரி அணிகளில் உதவித்தொகையோடு ஆடிக்கொண்டே பட்டம் வாங்கலாம். அங்கிருந்து தொழில்முறை டூருக்குப் போனவர்கள் நிறைய. அந்தக் கோச்சுகள் யு.டி.ஆர். என்கிற ஆட்டத்திறன் மதிப்பெண்ணையும் பள்ளி மார்க்கையும் சேர்த்தே பார்ப்பார்கள். பள்ளியை விட்டால் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும். நம் தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதற்கும் படிப்பும் சான்றிதழும் வேண்டும்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, வரும் பணத்தில் வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை ஒதுக்குங்கள். அந்தத் தொகையை அவனிடம் மறைக்காதீர்கள். எந்தப் போட்டிக்குப் போவது என்று அவனே கணக்குப் போடட்டும்.

காலாண்டு விடுமுறையில் தஞ்சாவூருக்கு அவனைக் கூட்டி வாருங்கள். அண்ணியும் வரட்டும், வீட்டுக் கணக்கு அவர் கையில்தானே.