வாசகர் கேள்வி: தேர்ச்சி விருந்து

கேள்வி: ஜார்ஜியாவில் மருத்துவம் படித்துத் திரும்பிய நான், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வில் மூன்றாம் முயற்சியில் தேறிவிட்டேன். உடன் படித்த இருவர் தேறவில்லை. நண்பர்களுக்கு விருந்து வைக்கலாமா?

பதில்: தாராளமாக வையுங்கள். 300 வினாக்களுக்கு 150 சரியான விடைகள் போதும், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் இல்லை என்று கேட்பவர்களுக்கு எளிதாகத் தோன்றினாலும், 2002 முதல் நடைபெறும் இத்தேர்வில் தேறுவோரைவிடத் தவறுவோரே பெரும்பாலும் அதிகம் என்பதை அந்த இருவரும் உங்களைப் போலவே அறிவார்கள். அவர்களைக் குழுச்செய்தியில் அழைக்காமல், தனித்தனியே தொலைபேசியில் அழைத்து, வருவதையும் வராததையும் அவர்கள் விருப்பத்திற்கே விட்டுவிடுங்கள். பந்தியில் மதிப்பெண் பேச்சு வேண்டாம் (உறவினர்களைத் தடுப்பதுதான் கடினம்). தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுவதால், உங்கள் குறிப்பேடுகளை இப்போதே அவர்களிடம் கொடுத்துவிடலாம். விருந்து முடிந்ததும் தற்காலிகப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். ஓராண்டுப் பயிற்சி மருத்துவப் பணி காத்திருக்கிறது.