வேதியியல் ஆய்வுக்கூடக் கருவிகள்: கேள்வி-பதில்

கேள்வி: கோலாலம்பூர்க் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். இளங்கலை மாணவர்களின் ஆய்வுக்கு இப்போதைக்கு ஒரு கருவிதான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

பதில்: கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை 190 முதல் 1100 நானோமீட்டர் வரை அளக்கும் யூ.வி.-விசிபிள் நிறமாலைமானியைத்தான் சொல்வேன். குழாய்நீரிலுள்ள இரும்பை வேதியியல் முறையில் ஒடுக்கி (இரும்பு(II) ஆக்கி), பீனாந்த்ரோலின் என்ற நிறமூட்டும் வேதிப்பொருளைச் சேர்த்தால் நீர் செம்மஞ்சளாகி, 510 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். இந்த ஒரு சோதனையிலேயே மாணவர் அளவீட்டுக் கோடு வரைவதிலிருந்து பிழை கணிப்பது வரை கற்றுவிடுவார். இதற்கு டங்ஸ்டன் விளக்கே போதும் என்பதால், கருவி அனுமதித்தால், புற ஊதாவுக்கான விலையுயர்ந்த டியூட்டீரியம் விளக்கை அணைத்து வையுங்கள். ஹோல்மியம் ஆக்சைடு ஒளி வடிகட்டியையும் விலைப்புள்ளியில் சேர்க்கச் சொல்லுங்கள். 361, 536 நானோமீட்டர் அருகே தெரியும் அதன் முகடுகளைக் கொண்டு அலைநீளத்தை மாணவரே சரிபார்க்கலாம்.

கேள்வி: பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்று தன் பழைய கேஸ் குரோமேட்டோகிராபை (ஆவியாகும் கலவைகளைப் பிரித்து அளக்கும் கருவி) எங்கள் துறைக்கு இலவசமாகத் தர முன்வந்துள்ளது. ஏற்கலாமா?

பதில்: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள், இங்கே பார்த்தே ஆகவேண்டும். முதலில் உணரி எவ்வகை என்று கேளுங்கள். எலெக்ட்ரான் கவர் உணரி என்றால் அதனுள் பெரும்பாலும் நிக்கல்-63 இருக்கும். அந்தக் கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள் ஏறத்தாழ 100 ஆண்டுகள் என்பதால், கருவி எவ்வளவு பழையதானாலும் அதன் வீரியம் போய்விடாது. 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின்கீழ் உரிமம் பற்றி விசாரிக்காமல் அதை லாரியில் ஏற்றாதீர்கள். சுடர் அயனியாக்க உணரி என்றால் இந்தக் கவலை இல்லை. ஹைட்ரஜனும் சுத்தமான காற்றும் தேவை, மாதிரியைக் கருவிக்குள் கொண்டுசெல்லும் கடத்து வாயுவாக நைட்ரஜனே பயிற்சிக்குப் போதும், ஹீலியத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

அடுத்துக் கணினி. இப்படி நன்கொடையாக வந்த திரவ குரோமேட்டோகிராபி கருவி ஒன்றை நான் மகிழ்ச்சியோடு இறக்கி வைத்தேன். பம்பு ஓடியது, உணரியின் விளக்கும் எரிந்தது; ஆனால் அதை இயக்கும் மென்பொருளின் உரிமம் தந்தவர்களிடமே தங்கிவிட்டது. இரண்டு பருவங்கள் அது வெறும் மேசை அலங்காரமாகத்தான் நின்றது. ஆகவே, கருவி தொழிற்சாலையில் இருக்கும்போதே மாதிரி ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பினாங்கின் ஈரக்காற்றில் எஃப்.டி.ஐ.ஆர். எனும் அகச்சிவப்பு நிறமாலைமானி தாங்குமா?

பதில்: பொட்டாசியம் புரோமைடு ஒளியியல் பாகங்கள் ஈரத்தை உறிஞ்சி மங்கிவிடும், வாங்கும்போதே ஜிங்க் செலினைடு பாகங்கள் உள்ளதைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஏ.சி.யை அணைத்தாலும் கருவியை அணைக்காதீர்கள், உள்ளிருக்கும் வெப்பமே பாதி ஈரத்தைத் தடுக்கும். ஈரத்தை உறிஞ்ச உள்ளே வைக்கும் நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் மாற்ற மறக்கவேண்டாம்.

கேள்வி: மாதிரியிலுள்ள உலோகங்களை அளக்கும் சுடர் அணு உறிஞ்சல் கருவிக்கு மிகக் குறைந்த விலை கேட்கிறார்கள். நம்பலாமா?

பதில்: விலைப்புள்ளியில் என்ன இல்லை என்று பாருங்கள். பொதுவாகத் தனிமத்துக்கு ஒன்றாக வேண்டிய விளக்குகள், புகைபோக்கி, அசெட்டிலீன் இணைப்பு ஆகியவை பெரும்பாலும் தனிச் செலவு. அதிலும் செலவைக் குறைக்கிறோம் என்று யாராவது அசெட்டிலீனுக்குச் செம்புக் குழாய் இழுக்க வந்தால் உடனே நிறுத்துங்கள். அங்கே உருவாகும் காப்பர் அசெட்டிலைடு வெடிக்கக்கூடியது.