உப்புக்காற்றும் 65 அங்குலமும்

டிவி மெக்கானிக் பதில்கள்: ராமநாதபுரத்திலிருந்து

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெரிய டிவியைப் பற்றியவை. மாடல் எண், விலை, கடைக்காரர் கொடுத்த தள்ளுபடி எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்பதை ஒருவர்தான் எழுதியிருக்கிறார். நான் முதலில் கேட்பதோ அதைத்தான். அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில் என் மேசைக்கு வரும் டிவியின் பின்மூடியைத் திறந்தாலே, அது கடற்கரை வீட்டிலிருந்து வந்ததா, பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்ததா என்று சொல்லிவிடலாம். மாடல் எண்ணுக்கு அதில் பங்கு குறைவு.

என் மகனுடைய வாப்பா துபாயில் இருக்கிறார். பெருநாளுக்கு வரும்போது 75 அங்குல டிவி கொண்டுவருவதாகச் சொல்கிறார். அங்கே விலை குறைவாம். மகனிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. எங்கள் ஹால் சுவருக்குச் சுவர் பன்னிரண்டு அடி. பாய் விரித்துத்தான் உட்காருவோம். கொண்டுவரச் சொல்லட்டுமா?
*கீழக்கரை வாசகி*

வேண்டாம், சகோதரி. நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்; கோபம் என்மேல் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் தட்டைத் திரை டிவியை வரியில்லாமல் கொண்டுவரும் சலுகையை 2013 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். இங்கேயோ, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகிவிட்டது. அவர் கணக்குப் போட்டது பழைய விலையை வைத்தா என்று கேளுங்கள். அப்படியும் கொண்டுவரத்தான் போகிறார் என்றால், அன்றைய சுங்க வரி விகிதத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய பெட்டியை விமானத்தில் ஏற்றுவார்களா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டட்டும். ஒரு நாட்டில் கொடுத்த வாரண்டி இன்னொரு நாட்டில் செல்லாமல் போவதும் உண்டு. இத்தனை பெரிய பேனலைப் பெட்டிக்குள்ளும் நிமிர்த்தியேதான் வைக்க வேண்டும். படுக்கவைத்து மேலே நாலு பெட்டியை அடுக்கினால், வீட்டில் பிரிக்கும்போது குறுக்கே ஒரு கோடு ஓடியிருக்கும்.

ஆனால் 75 என்று அவர் தேர்ந்தெடுத்த அளவு சரி. அதன் அகலம் சுமார் 166 சென்டிமீட்டர். பத்தடியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு 30 பாகை அளவுக்குத் திரை விரியும். படம் பார்க்க அதுவே நல்ல தொடக்கம், 40 பாகை வரைகூடப் போகலாம். நீங்கள் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் தூரம் பதினோரு அடிக்கு வரும். அங்கே 65 அங்குலம் 24 பாகைதான் தரும். தியேட்டரில் பின்வரிசை டிக்கெட் வாங்கிய மாதிரி. பையன் விளையாடும்போது எப்படியும் முன்னால் நகர்ந்துவிடுவான், அவனுக்கு எதுவும் போதும்.

இனி உங்கள் வீட்டுக்கு மட்டுமான விஷயம். மாட்ட வருகிற ஆட்கள் எல்லா வீட்டிலும் சோபா இருக்கிறது என்று நினைத்து, ஐந்தடி உயரத்தில் துளை போட்டுவிடுவார்கள். பாயில் உட்கார்பவருக்குக் கண் இரண்டரை அடி உயரத்தில்தான் இருக்கும். பல எல்இடி டிவிகளில் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். கழுத்து வலி தனி. திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை அடியில் இருக்கட்டும். துளை போடும் முன் நீங்களே பாயில் உட்கார்ந்து பென்சிலால் குறித்துக் கொடுங்கள். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால் துளையே வேண்டாம். தாழ்வான, கனமான மரப் பெட்டி ஒன்று செய்து அதன்மேல் வைத்துவிடுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்துக்குள் 65 அங்குலம் வாங்கலாம் என்று பணம் ஒதுக்கியிருக்கிறேன். வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். முந்தைய டிவி வாரண்டி முடிந்த கையோடு போய்விட்டது. போர்டு முழுக்கப் பச்சை பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். இந்தக் காற்றுக்குத் தாங்கும் டிவி எது?
*பாம்பன் வாசகர், விசைப்படகுத் தொழில்*

அப்படி ஒரு டிவியை யாரும் செய்து விற்கவில்லை அண்ணே. உங்கள் வாசலில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்துக்கு, துருவேறாத கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலோக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. வீட்டுக்கு வருகிற டிவிக்கு அந்த மரியாதை கிடையாது. அதனால் எந்த டிவி என்பதைவிட, வாங்கியதை எங்கே வைத்து எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான் ஆயுள் இருக்கிறது.

நடப்பது இதுதான். காற்றில் வரும் உப்புத் துகள் போர்டில் படிகிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். உங்கள் ஊரில் இரவில் அதைத் தாண்டுவது சாதாரணம். அந்த மெல்லிய உப்புநீர்ப் படலத்தின் வழியே, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு செம்புக் கோடுகளுக்கு நடுவே மின்சாரம் கசியும். செம்பு களிம்பேறும். பேனலுக்குப் போகும் பட்டையான ரிப்பன் கேபிளின் முனையில் இது நடந்தால் திரையில் செங்குத்துக் கோடு விழும். படம் கொண்டுவரும் கேபிளைச் செருகும் எச்டிஎம்ஐ துளைக்குள் நடந்தால் படம் வந்து வந்து போகும். பச்சை என்று உங்களிடம் சொன்னது இந்தக் களிம்பைத்தான்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை எனக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டும். தொண்டி, தேவிபட்டினம் வீடுகளில் வாடைக்காலம்தான் எதிரி. ஏர்வாடி, கீழக்கரையில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று. பாம்பனில் இருப்பவருக்கு வடகடலும் தென்கடலும் முறைபோட்டு உப்பை வீசுகின்றன. ஆகவே, ஜன்னலுக்கு நேரெதிர்ச் சுவர் வேண்டாம். வாசலுக்கு நேரெதிரும் வேண்டாம். இரண்டு பக்கமும் அறைகள் மறைக்கிற உள்சுவராகப் பாருங்கள். வெளிச்சமும் அங்கே குறைவாக இருக்கும், படமும் நன்றாகத் தெரியும்.

பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். சுவரில் மாட்டும் பிராக்கெட்டுக்கு வரும் சாதா ஸ்குரூவைத் தூக்கிப் போட்டுவிட்டு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டு வாங்குங்கள். 304 கடலோரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். இது உங்களுக்குப் படகிலிருந்தே தெரிந்திருக்கும். டிவியை பிளாஸ்டிக் உறையால் மூடாதீர்கள், உள்ளே ஈரம் அடைந்துகொள்ளும். பருத்தித் துணி போதும், அதுவும் டிவி ஆறிய பிறகு. திரையில் உப்புப் படிந்திருந்தால் வறண்ட துணியால் தேய்க்க வேண்டாம், கீறிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த நீரில் மெல்லிய மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒற்றி எடுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவம் கூடவே கூடாது.

இன்னொன்று, இது என் மேசை அனுபவம். தினமும் ஓடுகிற டிவியைவிடப் பூட்டிய வீட்டு டிவிதான் சீக்கிரம் களிம்பேறி வருகிறது. ஓடும்போது உள்ளே எழும் சூடு ஈரத்தை விரட்டுகிறது. தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் வீட்டில் ஓடும். அதன் பிறகு நீங்கள் கடலுக்குப் போனாலும் வீட்டில் தினம் சிறிது நேரம் போடச் சொல்லுங்கள். இடி மின்னல் நேரத்தில் மட்டும் பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்ற வேண்டும். பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு கேபிளை விட்டவர்களின் டிவிகள் ஐப்பசி, கார்த்திகையில் என்னிடம் வரிசையில் நிற்கும்.

வகை கேட்டீர்கள் அல்லவா? உங்கள் வீட்டுக்கு நடுத்தர விலை எல்இடி. பேனல் போனால் புது டிவி விலைக்குப் பக்கத்தில் வரும், ஆகவே ஒரேயடியாக உச்ச விலையைக் கொட்டாதீர்கள். வாரண்டி அட்டையில் துருவுக்கும் களிம்புக்கும் விலக்கு போட்டிருக்கிறார்களா என்று கடையிலேயே வாசித்துவிடுங்கள்.

8கே டிவி வாங்கலாமா?
*தேவிபட்டினம் வாசகர்*

4கே திரையில் 2160 கோடுகள், 8கேயில் அதைப்போல் இரண்டு மடங்கு. அதில் என்ன பார்ப்பீர்கள்?

கல்லூரி மாணவன். நண்பர்களோடு கால்பந்து, கார்ப் பந்தயம் விளையாடுவேன். 60 ஹெர்ட்ஸுக்கும் 120 ஹெர்ட்ஸுக்கும் விலையில் பெரிய இடைவெளி இருக்கிறது. 120 உண்மையிலேயே தேவையா? எச்டிஎம்ஐ 2.1 என்று பெட்டியில் போட்டிருந்தால் போதுமா?
*தொண்டி வாசகர்*

தம்பி, திரை நொடிக்கு எத்தனை முறை படம் மாற்றும் என்பதுதான் ஹெர்ட்ஸ். முதலில் உன்னிடம் இருக்கும் விளையாட்டுப் பெட்டி எது என்று பார். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கேயில் நொடிக்கு 120 படம் அனுப்ப வல்லவை. பழைய பெட்டி என்றால் 60 ஹெர்ட்ஸ் டிவியே போதும். புதியதாக இருந்தாலும் எல்லா விளையாட்டும் 120இல் ஓடாது. பல விளையாட்டுகள் 60இலும் 30இலும் நிற்கின்றன. கார்ப் பந்தயத்திலும் சுடும் விளையாட்டிலும் வித்தியாசத்தைக் கை உணரும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 16.7 மில்லிவினாடியிலிருந்து 8.3 ஆகக் குறைகிறது.

டிவி வரும் அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதே. "மோஷன்" என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு 120, 240 என்று வந்தால் அது விளம்பரக்காரரின் கணக்கு. பேனலின் சொந்த வேகம் என்ன என்று கேள். 2.1 என்ற எண்ணும் அப்படித்தான். முழு வேகம் நொடிக்கு 48 கிகாபிட், பழைய 2.0க்கு 18. ஆனால் 2.1 என்ற பெயரில் வரும் வசதிகள் பலவும் கட்டாயமில்லை. 60 ஹெர்ட்ஸ் டிவியிலும் அந்தப் பெயர் ஒட்டியிருக்கலாம். ஆகவே மூன்று கேள்வி கேள்: 4கேயில் 120 எந்தத் துளையில் வரும்? விஆர்ஆர் உண்டா? ஏஎல்எல்எம் உண்டா? விஆர்ஆர் என்பது, விளையாட்டுப் பெட்டி படம் அனுப்பும் வேகம் ஏறி இறங்கும்போது திரையும் கூடவே ஏறி இறங்குவது. இல்லாவிட்டால் படம் குறுக்கே கிழிந்த மாதிரி தெரியும். ஏஎல்எல்எம் என்பது, விளையாட்டுத் தொடங்கியதும் டிவி தானாக கேம் மோடுக்குப் போவது.

அந்த கேம் மோடுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அதற்குத் தனிக் காசும் இல்லை. சாதாரண முறையில் டிவி ஒவ்வொரு படத்தையும் மெருகேற்றிக்கொண்டே இருக்கும். நீ பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் ஆள் பந்தை உதைப்பதற்கும் நடுவே தாமதம் விழும். கேம் மோடு அந்த மெருகையெல்லாம் நிறுத்திவிடும். தோற்றுப்போன பையன்கள் பலர் கன்ட்ரோலரைக் குற்றம் சொல்லிக்கொண்டு என்னிடம் கொண்டுவருகிறார்கள். கன்ட்ரோலரில் ஒன்றும் இருக்காது.

ஓய்வுபெற்ற ஆசிரியன். மகன் வாங்கிக் கொடுத்த 65 அங்குலத்தில் படங்கள் மெகா சீரியல் போல வழவழவென்று ஓடுகின்றன. பழைய பாடல் சேனல்களோ மங்கலாகத் தெரிகின்றன. டிவி பழுதா?
*ராமநாதபுரம் வாசகர்*

பழுதில்லை ஐயா. திரைப்படம் நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்பட்டது. உங்கள் டிவி நடுவே தானே கற்பனையாகப் படங்களைச் சேர்த்து ஓட்டுகிறது, அதனால்தான் அந்த வழவழப்பு. படப் பகுதி அமைப்பில் மோஷன் என்று தொடங்கும் எதையும் அணைத்துவிடுங்கள். 2019க்குப் பிறகு வந்த பல டிவிகளில் ஃபிலிம்மேக்கர் மோடு என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் இந்த வேலையெல்லாம் ஒரே அழுத்தில் முடிந்தது. முதல் நாள் படம் சற்று மஞ்சளாகத் தெரியும். கடையில் நீலம் தூக்கி வைத்திருப்பதற்குக் கண் பழகிப்போனதால் அப்படி. மாற்றாதீர்கள்.

பாடல் சேனல் மங்கலாக இருப்பதற்கு மருந்து குறைவு. சாதாரண எஸ்டி சேனலில் 576 கோடுகள்தான் வருகின்றன, திரையிலோ 2160. இல்லாததை டிவி எங்கிருந்து கொண்டுவரும்? அதே சேனலின் எச்டி வடிவம் இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லாவிட்டால் நாற்காலியைப் பின்னால் நகர்த்துங்கள்.

டீக்கடையில் காலை முதல் இரவு வரை செய்திச் சேனல் ஓடும். கறுப்பு அருமையாக இருக்கிறது என்று ஓஎல்இடி வாங்கச் சொல்கிறான் தம்பி.
*மண்டபம் வாசகர்*

கறுப்பு அருமைதான். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும்; இருட்டறையில் படம் பார்க்க அதற்கு நிகரில்லை. உங்கள் கடை இருட்டறையா? முன்பக்கம் முழுக்கத் திறந்த கடையில் பகல் வெளிச்சம் கறுப்பைத் தின்றுவிடும். அதோடு, கீழே நாள் முழுக்க ஓடும் செய்திப் பட்டையும் மூலையில் நிற்கும் சேனல் சின்னமும் சில காலத்தில் திரையில் தடமாகப் பதிந்துவிடும். வெளிச்சம் அதிகம் தரும் எல்இடி வாங்குங்கள். டீ ஆவி படாத மூலையாகப் பாருங்கள். ஓஎல்இடி ஆசையைத் தம்பி கல்யாணமானதும் தன் வீட்டில் தீர்த்துக்கொள்ளட்டும்.

ஸ்டெபிலைசர் வேண்டுமா? சவுண்ட்பார் வேண்டுமா?
*ஏர்வாடி வாசகர்*

டிவியின் பின்னால் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், குறைந்த மின்னழுத்தத்துக்காக ஸ்டெபிலைசர் தேவையில்லை. விற்பவர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை. பயப்பட வேண்டியது எதிர்ப்பக்கம்: கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறலாம். அதைத் துண்டிக்கும் ஹை கட் வசதியுள்ள பாதுகாப்புக் கருவி ஒன்று போதும். மணல் தரையில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடப்பதும் சகஜம்; எலக்ட்ரீஷியனை அழைத்து அதையும் சோதித்துவிடுங்கள்.

சவுண்ட்பார், ஆம். மெல்லிய டிவியில் ஸ்பீக்கர் கீழ்நோக்கி முணுமுணுக்கிறது, மேலே மின்விசிறி சுற்றுகிறது. வசனம் எங்கே கேட்கும்? டிவியின் ஒலியை வெளியே அனுப்பும், இஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் இணையுங்கள். பல டிவிகளில் 120 ஹெர்ட்ஸ் தரும் இரண்டு துளைகளில் ஒன்று அதுவாகவே இருக்கும். வீட்டில் இரண்டு விளையாட்டுப் பெட்டி இருந்தால் வாங்கும் முன் துளைகளை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.