ஆங்கிலம் கற்பிப்பதில் 'மினிமல் பேர்' என்றால் என்ன? அது எதற்கு?

ஒரே ஓர் ஒலியில் மட்டும் வேறுபட்டு, பொருளில் முற்றிலும் மாறிவிடும் இரண்டு சொற்கள்தான் மினிமல் பேர். நம் பல்லியும் பள்ளியும் அப்படி ஒரு சோடி. ஆங்கிலத்தில் சோற்றுக்கு ரைஸ், பேன்களுக்கு லைஸ். ஜப்பானியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருபவர்கள் இந்தச் சோடியை விடவே மாட்டார்கள். (சாப்பாட்டுக் கடையில் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்!)

காரணம் காதில் இருக்கிறது. ஒரு வயதை நெருங்கும்போதே குழந்தையின் காது தாய்மொழிக்குத் தேவையான ஒலி வேறுபாடுகளில் கூர்மையாகி, மற்றவற்றைக் கண்டுகொள்ளாமல் விடத் தொடங்குகிறது. ஜப்பானிய மொழியில் ர, ல என்ற பிரிவே கிடையாது. நம் கதையும் அதுதான்: குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உள்ள ஆங்கிலச் சொற்கள் இரண்டையும் தமிழில் 'பின்' என்றே எழுதுகிறோம்.

இரட்டைக் குழந்தைகளைத் தாய் சட்டென்று அடையாளம் காண்பாள். நமக்கோ இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்தான் வித்தியாசம் பிடிபடும். வகுப்பிலும் அதேதான். இரண்டு படங்களை வையுங்கள், ஒரு சொல்லைச் சொல்லுங்கள், மாணவர் சரியான படத்தைத் தொடட்டும். காது பழகிய பிறகுதான் வாய். அப்புறம் உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுத் தாள்: ஆங்கிலேயர் போல உச்சரித்தால் குண்டூசிக்கு அது ஆடும், குப்பைத்தொட்டிக்கு அநேகமாக ஆடாது. செலவே இல்லாத கருவி.

'நாக்கு தடித்துவிட்டது, இந்த வயதில் இனி வராது' என்று பலர் சொல்வார்கள். பழக வேண்டியது முதலில் காது, அதைப் பெரியவர்களாலும் பழக்க முடியும்.