சட்டம் கேளுங்கள்: சூப்பர்வைசர் என்றால் தொழிலாளி இல்லையா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்து, பிறகு லைன் சூப்பர்வைசர் ஆனேன், மொத்தம் ஒன்பது ஆண்டு சர்வீஸ். சம்பளம் 22,000 ரூபாய். அதில் வீட்டு வாடகைப்படி 3,500, பயணப்படி 1,500. ஆர்டர் குறைந்துவிட்டதென்று சென்ற மாதம் நிறுத்திவிட்டார்கள். இழப்பீடு கேட்டால், சூப்பர்வைசருக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்கிறார்கள். சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: பாதிகூடச் சரியில்லை. ஒருவர் தொழிலாளியா என்பதை அவருடைய பதவிப் பெயர் தீர்மானிப்பதில்லை. அவர் முதன்மையாக என்ன வேலை செய்தார் என்பதே தீர்மானிக்கிறது. சீபா கெய்கி நிறுவனத்துக்கு எதிரான அர்க்கல் கோவிந்த ராஜ் ராவ் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: பல வகை வேலைகளைச் செய்பவரின் அடிப்படை வேலை எதுவென்று பார்க்க வேண்டும், இடையிடையே செய்த கூடுதல் வேலைகளை வைத்து முடிவு செய்யக் கூடாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், மேற்பார்வை வேலை செய்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவரைத் தொழிலாளி என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. இந்த உச்சவரம்பு மேற்பார்வையாளருக்கு மட்டுமே. உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை செய்பவர் எவ்வளவு வாங்கினாலும் தொழிலாளிதான்.

ஆகவே உங்கள் வேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பணிப் பகுப்பாய்வு என்னும் இதை ஆள் எடுக்கும் முன்பே நிறுவனம் செய்திருக்க வேண்டும். பல இடங்களில் ஆளை அனுப்பிய பிறகு நீதிமன்றம்தான் செய்கிறது. டைலர் ஒருவர் லீவு கேட்டால் நீங்களே கொடுக்க முடியுமா, புரொடக்‌ஷன் மேனேஜரிடம் அனுப்பினீர்களா? மெமோ கொடுக்கவும் ஓவர்டைமுக்கு ஒப்புதல் தரவும் உங்களுக்கு அதிகாரம் இருந்ததா? அல்லது மணிக்கு எத்தனை பீஸ் முடிந்தது என்று போர்டில் எழுதுவதும், பண்டில் தீர்ந்த மெஷினுக்கு அடுத்த பண்டிலை எடுத்துக் கொடுப்பதும், ஆள் வராத நாளில் நீங்களே செக்கிங் டேபிளில் நிற்பதுமாகத்தான் உங்கள் ஷிப்ட் போனதா? பின்னதென்றால் நீங்கள் தொழிலாளி என்று வாதிட வலுவான இடமிருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதால், லீவு லெட்டரில் யார் கையெழுத்திட்டார், உங்களுக்கு வாட்ஸ்அப்பில் என்னென்ன உத்தரவுகள் வந்தன என்பதையெல்லாம் இப்போதே திரட்டிவையுங்கள்.

மேற்பார்வையாளர் என்றே முடிவானாலும் இன்னொரு வழி உண்டு. புதிய சட்டத்தில் ஊதியம் என்பது கைக்கு வரும் மொத்தத் தொகை அன்று. விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டாத வரை வாடகைப்படியும் பயணப்படியும் அதில் சேராது. அவற்றைக் கழித்தால் உங்கள் ஊதியம் 17,000 ரூபாய்தான். அது வரம்புக்குள் வருகிறது. கம்பெனி இதைக் கணக்கிட்டுப் பார்த்ததாகவே தெரியவில்லை.

ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான ஊதியமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும்; உங்களுக்கு அது 135 நாள் ஊதியமாகும். முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். 45 நாளில் தீராவிட்டால் நீங்களே நேரடியாக வழக்குத் தொடரலாம். வேலையை விட்டு நிறுத்திய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் இதைச் செய்தாக வேண்டும். அதற்கிடையில், பி.எஃப். பணத்தைச் சீக்கிரம் எடுத்துத் தருகிறோம் என்று சொல்லி ராஜினாமாக் கடிதம் கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தக் கடிதம் போனால் நடந்தது ஆட்குறைப்பே இல்லை என்று கம்பெனி வாதிடும்.