கடல்நீரேரிக்கு அலுமினியப் படகு: இரவில் அது எங்கே கிடக்கும்?

யாழ்ப்பாணம் அரியாலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கனடாவில் இருக்கும் தமையனார், ஒன்ராறியோ ஏரிகளில் தாம் ஓட்டுவதைப் போல 12 அடி அலுமினியப் படகு ஒன்று எடுக்கச் சொல்கிறார். பாரம் குறைவு, இரண்டு பேர் தூக்கலாம், துருப்பிடிக்காது என்கிறார். வார இறுதியில் நானும் மகனும் கடல்நீரேரியில் தூண்டில் போடவும், கொஞ்சம் நண்டு வலை விடவும்தான் படகு தேவை. இங்கே எல்லோரும் பைபர் (கண்ணாடியிழை) படகுதான் வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?”

உங்கள் தமையனார் சொல்வது அவருடைய ஏரிக்கு முழுக்கப் பொருந்தும். அங்கே இருப்பது நன்னீர். நம்முடைய கடல்நீரேரியோ உவர்நீர். மாரியில் வெள்ளம் இறங்கும்போது உப்புக் குறையும். கோடையில் ஆழமில்லாத கரையோரங்களில் நீர் வற்றி, கடலைவிடவும் உப்பேறி நிற்கும். ஆகவே முதலில் ஒரு கேள்வியைக் கேட்கிறேன்: இரவில் உங்கள் படகு எங்கே கிடக்கும்? கொழும்புத்துறைக் கரையில் நீருக்குள்ளேயே கட்டிவைக்கப் போகிறீர்கள் என்றால் பைபர் படகை எடுங்கள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்குக் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைப்பீர்கள் என்றால் அலுமினியம் உங்களுக்கு நன்றாக உழைக்கும். மற்ற எல்லாக் கணக்கும் இதற்குப் பிறகுதான்.

அலுமினியம் இரும்பைப்போலத் துருப்பிடிக்காது என்பது உண்மை. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் மெல்லிய ஒக்சைட்டுப் படலம் உருவாகி உலோகத்தைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை அங்கங்கே உடைக்கும். உடைந்த இடத்தில் ஊசிமுனை அளவில் குழி விழுந்து உள்ளே இறங்கும். மேலே வெள்ளைத் தூள் பூத்திருக்கும். ஈர மணலும் சாதாளை என்னும் கடல்தாவரமும் படகின் அடியில் நாட்கணக்கில் தங்கினால் இது விரைவாக நடக்கும். காற்றுப் படாத இடத்தில் படலம் திரும்ப உருவாவதில்லை.

இதைவிடப் பெரிய பகை வேறு உலோகங்கள். உப்புநீரில் செம்பு, பித்தளை, ஈயம் ஆகியவை அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் கரைந்துபோவது அலுமினியம்தான். வலை ஈயத்தைப் படகின் அடியில் ஈரத்தோடு போட்டுவைக்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள். பித்தளை ஆணி, பித்தளைக் கொளுவி எதுவும் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு ஆணி பூட்டத்தான் வேண்டும் என்றால் இடையே நைலோன் வாசர் போடுங்கள். பாசி பிடிக்காமலிருக்க அடிப்பாகத்தில் பூசும் வண்ணங்களில் பல செம்பு கலந்தவை. அதை அலுமினியப் படகுக்குப் பூசினால் படகையே தின்றுவிடும். பற்றரி வைத்து விளக்குப் பூட்டினால் இரண்டு வயரையும் தனித்தனியே இழுங்கள், படகின் உடலை ஒரு வயராகப் பயன்படுத்த விடாதீர்கள். பழுதுபார்ப்பவர் எவ்வளவு பழகியவராக இருந்தாலும் இவற்றை நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள், ஏனென்றால் இங்கே பெரும்பாலானவர்களின் கை பைபரில் பழகிய கை.

தகட்டின் தரத்தை விற்பவரிடம் எண்ணாகவே கேளுங்கள். 5052 அல்லது 5083 என்றால் உவர்நீருக்கு ஏற்றது. 3003 என்றால் விட்டுவிடுங்கள். தகடு 2 மில்லிமீற்றருக்குக் குறையாமலும், மூட்டுகள் றிவெட் அடிக்காமல் வெல்டிங் செய்யப்பட்டும் இருந்தால் நல்லது. றிவெட் படகு மலிவு, ஆனால் அலை அடிக்க அடிக்க ஆணிகள் தளர்ந்து ஒழுகும்.

பழைய படகு என்றால் வாங்கும் முன் தரையில் கட்டைகள்மேல் ஏற்றி, உள்ளே நாலு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் பாருங்கள். எங்கே ஒழுகுகிறது என்பதைப் படகே காட்டிவிடும். எஞ்சின் பூட்டும் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஒட்டுப்பலகை உக்கியிருந்தால் ஓசை மந்தமாக இருக்கும். இருக்கைகளுக்குக் கீழே உள்ள மிதவை நுரை நீர் குடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் தாங்குவது அந்த நுரைதான். நீர் குடித்த நுரை வெறும் பாரம்.

12 அடி உங்களுக்குப் போதாது என்று நினைக்கிறேன். எஞ்சின் பூட்டும் சிறு படகுகளுக்கு அமெரிக்காவில் வழங்கும் ஒரு கணக்கு உண்டு: அடிக்கணக்கில் நீளத்தை அகலத்தால் பெருக்கி 15ஆல் வகுத்தால் ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை. 12 அடி நீளம், 4 அடி அகலத்துக்கு மூன்று பேர். 14 அடி நீளம், 5 அடி அகலத்துக்கு நான்கு பேர். அது நல்ல காலநிலைக்கான கணக்கு. வலை, ஐஸ் பெட்டி, நங்கூரம் எல்லாம் ஏறியபின் ஒரு ஆளைக் குறைத்தே வையுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் பகல் ஏற ஏறக் கடல்நீரேரியில் குறுகிய, நெருக்கமான அலை எழும். அப்போது தாழ்ந்த விளிம்புள்ள 12 அடிப் படகுக்குள் நீர் தெறித்துக்கொண்டே இருக்கும். பாரம் குறைந்த படகைக் காற்று தள்ளிக்கொண்டும் போகும். 14 அடிப் படகு தகட்டின் தடிப்பைப் பொறுத்து 100 கிலோ அளவில் வரும். தூக்குவதைவிட இரண்டு சக்கரம் பூட்டித் தள்ளுவது எளிது.

அடிப்பாகம் அணியத்தில், அதாவது முன்புறத்தில், கூராகவும் பின்னோக்கி வரத் தட்டையாகவும் இருக்கட்டும். முற்றிலும் தட்டையானது அலையில் மோதி மோதி இடுப்பை முறிக்கும். முழுக்கக் கூரானது ஆழமில்லாத இடங்களில் தரை தட்டும். இங்கே பல இடங்களில் எஞ்சினைத் தூக்கிவிட்டு மரக்கோல் ஊன்றித்தான் போக வேண்டியிருக்கும். எட்டுக் குதிரைவலு எஞ்சின் உங்களுக்குப் போதும். குளிரூட்டும் நீர் வெளியேறும் துவாரத்தை அடிக்கடி கவனியுங்கள், சாதாளை அடைத்தால் முதலில் அந்த நீர்தான் நிற்கும்.

சிறகுவலைக் கம்புகள் நிற்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருட்டில் போகாதீர்கள். படகு நெளிவது ஒருபுறம், ஒரு குடும்பத்தின் உழைப்பு அறுந்துபோகும். நீங்கள் இறக்கும் துறையில் உள்ள கடற்றொழிலாளர் சங்கத்தாரிடம் முதலில் போய்ப் பேசுங்கள். நண்டுக்குத் தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலை வேண்டாம், அது தடைசெய்யப்பட்டது. கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களத்தில் படகைப் பதிவதற்கு என்னென்ன ஆவணங்கள் தேவை என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். உங்களுக்கும் மகனுக்கும் உயிர்காப்பு அங்கி படகோடு சேர்த்தே வாங்குங்கள்.

எஞ்சினுக்குப் போகும்போது பின்பலகையின் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். 15 அங்குலம் என்றால் குட்டைத் தண்டு எஞ்சின், 20 அங்குலம் என்றால் நீளத் தண்டு எஞ்சின். இரண்டும் உங்களுக்குக் கிடைக்குமானால், நம்முடைய ஆழத்துக்குக் குட்டைத் தண்டு பொருந்தும் படகையே தெரிவுசெய்யுங்கள்.